புதுப்பிப்பு: மெயின்ஷீட்டை பூமின் நடுவுக்கு மாற்றிவிட்டேன்

1974-இல் கட்டிய 27 அடிப் பாய்மரப் படகில், சுக்கான் பிடிக்கு முன்னால் குறுக்கே கிடந்த மெயின்ஷீட் (பெரிய பாயைக் கட்டுப்படுத்தும் கயிறு) டிராவலரை, அதாவது அந்தக் கயிற்றின் அடிமுனை நகரும் தண்டவாளத்தை, கேபின் கூரைக்கு மாற்றலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். மாற்றியாச்சு. இப்போது என் மகள் கயிற்றைத் தாண்டாமல் பின்பக்கம் போய் உட்காருகிறாள், அதுவே பெரிய நிம்மதி.

ஆனால் கயிறு கனக்கிறது. கயிறு பூமின் (பாயின் அடிவிளிம்பைப் பிடிக்கும் கிடைத்தண்டு) நுனியிலிருந்து நடுவுக்கு வந்தால் இழுவிசை ஏறக்குறைய இரட்டிப்பு. இழுவையை நான்கில் ஒன்றாகக் குறைக்கும் பழைய 4:1 கப்பிக்குப் பதில் 6:1 போட்டேன், போதவில்லை. பழைய இலகு வேண்டுமென்றால் 8:1 வேண்டும். இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள சாலண்ட் நீரிணையில் 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கி.மீ.) காற்றில் உள்ளங்கை கன்றிப்போனது.

சுமை ஒரே இடத்தில் விழுந்தால் பழைய பூம் வளைந்துவிடும் என்று மூன்று இடங்களில் கப்பி மாட்டினேன். கூரையில் துளை போட்டபோது உள்ளே இருந்த பால்சா என்ற இலகு மரம் ஈரமாய், கரும்பழுப்பாய் விரலில் ஒட்டியது. அதைச் சுரண்டி எப்பாக்ஸி பிசின் நிரப்பி, அடியில் அலுமினியத் தகடு வைத்த பிறகுதான் போல்ட்டை முடுக்கினேன்.