ரியாத் வெயிலுக்கு எப்படி பழகுறது?

யீஷூன்வாசி: ஜூன்ல குடும்பத்தோட ரியாத் போறோம், இங்க சிங்கப்பூர்ல 32 டிகிரிக்கே பழகுன உடம்பு, அங்க 43க்கு மேல போகுமாம், சின்னப் பிள்ளைய வச்சிக்கிட்டு எப்படி சமாளிக்கிறது?

செல்விக்கா: தம்பி, இங்க சட்டை நனையும், அங்க வேர்வை வந்த உடனே காஞ்சிரும், உடம்புல தண்ணி குறையுறதே தெரியாது, அதனால பிள்ளை கேக்காட்டியும் குடுத்துக்கிட்டே இருங்க. மூக்கு காஞ்சு ரத்தம் வரலாம், ராத்திரி ரூம்ல காத்த ஈரமாக்குற ஹியூமிடிஃபையர் வைங்க.

மணல்காத்து: கோடையில மொட்டமாடி டேங்க் சூடாகி பச்சத்தண்ணி பைப்லயே கொதிக்கக் கொதிக்க வரும், ஹீட்டர ஆஃப் பண்ணிட்டு அதுல நின்னு ஆறுன தண்ணிய எடுத்து பிள்ளைய குளிப்பாட்டுங்க. பார்க்குக்கெல்லாம் ராத்திரிதான் போகணும். டிசம்பர்ல நல்லா குளிரும், ஸ்வெட்டர் சிங்கப்பூர் முஸ்தபா கடையிலயே வாங்கிருங்க.

யீஷூன்வாசி: ஹீட்டர் விஷயம் யாருமே சொல்லல, ரொம்ப நன்றிண்ணே, அக்காவுக்கும்.