ஊட்டி சந்திப்புக்கு ஒரு கை கொடுங்கள்
வணக்கம் வேப்பேரி சொந்தங்களே. நீலகிரியில் இருக்கும் நம் கால்நடை மருத்துவக் கல்லூரிப் பழைய மாணவர்கள் சேர்ந்து ஊட்டியில் ஒரு சந்திப்பு வைக்கலாம் என்று இருக்கிறோம், வெறும் சாப்பாடு, குரூப் போட்டோ என்று முடிக்காமல் சாண்டிநல்லா செம்மறி ஆராய்ச்சி நிலையத்தையும் பார்த்துவிட்டு வர ஆசை (நீலகிரி ஆட்டைப் பாடத்தில் மட்டுமே பார்த்தவர்கள்தான் நம்மில் பாதிப் பேர்!). அங்கே வேலை பார்த்த சீனியர்கள் யாராவது, மெரினோ ஆட்டுக் கலப்பில் சாண்டினோ என்ற செம்மறி இனம் உருவான கதையை அரை மணி நேரம் வந்து சொல்ல முடியுமா? அனுமதிக் கடிதம் யாருக்கு எழுதுவது?

அப்புறம், முழங்கால் வலி உள்ள அண்ணன்கள், அக்காக்களுக்குப் படி ஏறாத தங்குமிடம் வேண்டும், குன்னூர் பக்கம் என்றாலும் சரி. வெளியூர்க் காரில் வருபவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். தேதி நீங்களே சொல்லுங்கள், மே மாதம் மட்டும் வேண்டாம், மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் அறை கிடைக்காது.