அப்பத்தாவின் மருந்து டின்னில் குயினோலின்: உங்கள் அனுபவம் என்ன?

கானாடுகாத்தான் பேரன்:
கல்யாணத்துக்கு ஊருக்கு வந்த இடத்தில், வீட்டின் இரண்டாம் கட்டு முற்றத்தில் உட்கார்ந்து அப்பத்தாவின் மருந்துகளை ஒழுங்குபடுத்தினேன். எல்லாம் ஒரு பழைய முறுக்கு டின்னுக்குள். எனக்கு மருந்து வேதியியல் ஆய்வகத்தில் வேலை. மாத்திரை அட்டையைப் பார்த்தால் கை தானாக வரைய ஆரம்பித்துவிடும். மூட்டுவாதத்துக்கு அப்பத்தா சாப்பிடும் ஹைட்ராக்சிகுளோரோகுயின், அக்கா மகனின் இளைப்புக்குத் தரும் மாண்டெலுகாஸ்ட், இரண்டின் மூலக்கூறு அமைப்பையும் பத்திரிகைக் கவரின் பின்பக்கம் வரைந்தேன். இரண்டிலும் ஒரே துண்டு! பென்சீன் வளையமும் நைட்ரஜன் உள்ள பிரிடீன் வளையமும் ஒட்டிய இரட்டை வளையம், அதுதான் குயினோலின். அதன் ஏழாம் இடத்தில் குளோரின். மலேரியாவுக்குத் தரும் குளோரோகுயினிலும் அதேதான்.

ஆனால் வேலை வேறு. அப்பத்தா மாத்திரையில் நாலாம் இடத்தில் அமீன் என்ற நைட்ரஜன் சங்கிலி தொங்குகிறது. அந்தக் காரத்தன்மையால் மருந்து செல்லுக்குள் இருக்கும் அமிலப் பைகளில் போய்த் தேங்கும். மலேரியாக் கிருமியிலும் அப்படித்தான்: அது ரத்தத்தைச் செரிக்கும் பையில் மருந்து குவிந்து, அங்கே மிஞ்சும் ஹீம் (ரத்தச் சிவப்பின் இரும்புப் பகுதி) என்ற நச்சைக் கிருமி படிகமாக்கி ஒதுக்க முடியாமல் செய்துவிடும். மாண்டெலுகாஸ்டில் இரண்டாம் இடத்திலிருந்து நீண்ட கை. அது மூச்சுக்குழாயைச் சுருக்கும் லியூகோட்ரையீன் வந்து ஒட்டும் ஏற்பியை அடைக்கிறது.

அப்பத்தாவிடம் சொன்னேன். "கொயினாவா? ஐயா ரங்கூன்ல கொண்டுவிக்கப் போனப்ப தின்னாகளாம். காதுக்குள்ள வண்டு கத்துமாம்ல" என்றார். வேதியியல் படிக்காதவர் குயினினின் பக்கவிளைவை அப்படியே சொல்லிவிட்டார். சின்கோனா பட்டையிலிருந்து 1820இல் பிரித்தெடுத்த குயினினிலும் இதே இரட்டை வளையம்தான், குளோரின் மட்டும் இல்லை.

காரைக்குடிக்காரன்:
எனக்குக் குயினோலின் என்றாலே நாற்றம்தான் ஞாபகம். எம்.எஸ்சி.யில் குயினோலின் தயாரிக்கும் ஸ்க்ராப் வினை செய்தோம். 1880இல் வந்த முறை: அனிலின், கிளிசரால், கந்தக அமிலம், நைட்ரோபென்சீன். வினை துள்ளாமல் இருக்கப் பெரஸ் சல்பேட் போட வேண்டும். என் கூட்டாளி அதை மறந்துவிட்டான். சூடு பிடித்ததும் அடுப்பை இழுத்துவிட்டோம், நின்றால்தானே! கலவை கண்டென்சர் உச்சிவரை ஏறிக் கூரையில் அடித்தது. கண்ணாடி போட்டிருந்ததால் பிழைத்தோம். குடுவையில் மிஞ்சிய தாரிலிருந்து நீராவி வடித்தலில் கொஞ்சம் மஞ்சள் எண்ணெய் கிடைத்தது. ஆத்தா என் சட்டையை வீட்டுக்குள்ளேயே விடவில்லை, மூன்று நாள் கொல்லைக் கொடியில் கிடந்தது.

தேவகோட்டை மகள்:
வேதியியல் தெரியாது, மாத்திரை தெரியும். ஆத்தா ஏழு வருஷமாக அதே ஹைட்ராக்சிகுளோரோகுயின், தினம் 400 மில்லிகிராம். இளைத்து 42 கிலோவுக்கு வந்த பிறகும் பார்த்த இடத்தில் யாரும் அளவைக் குறைக்கவில்லை. மருந்துக்கடையில் வேறு "இது மலேரியா மாத்திரையாச்சே" என்று சொல்லிப் பயமுறுத்திவிட்டார்கள். ஒரு மாதம் நிறுத்திவிட்டு முழங்கால் வீங்கி உட்கார்ந்திருந்தார். வேறொரு டாக்டர்தான் கணக்கைச் சொன்னார்: ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. இப்போது 200தான். விழித்திரையில் படிந்து பார்வையைக் கெடுக்கலாம் என்பதால் தொடங்கும்போது ஒரு பரிசோதனை, ஐந்து வருஷம் தாண்டினால் வருஷா வருஷம். எங்களுக்கு முதல் பரிசோதனையே ஏழாம் வருஷத்தில்தான் நடந்தது. செட்டிநாட்டு முருகன் காப்பாற்றினான், ஒன்றும் இல்லை.

புதுவயல் தம்பி:
மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு எங்கள் சித்தப்பா பெடாகுயிலின் சாப்பிட்டார். அதுவும் இந்தக் குடும்பம்தான், 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கிருமிக்குச் சக்தி தரும் ஏடிபியைத் தயாரிக்கும் இயந்திரத்தையே நிறுத்துமாம். இதயத் துடிப்பின் லயம் கெடாமல் பார்க்க அடிக்கடி ஈசிஜி எடுத்தார்கள். இப்போது நலம்.

கானாடுகாத்தான் பேரன்:
தேவகோட்டை ஆச்சி, நன்றி. உங்கள் பதிவைப் பார்த்ததும் அப்பத்தாவைத் தராசில் ஏற்றினேன், 47 கிலோ. அட்டையில் 200 என்று இருக்கிறது, அது சரி. கண் பார்த்தது எப்போது என்று கேட்டால், "போன தைக்குத்தான் கண்ணாடி மாத்துனனே" என்கிறார். கண்ணாடிக்கடையில் விழித்திரையைப் பார்த்திருக்க மாட்டார்கள். திங்கட்கிழமை காரைக்குடிக்குக் கூட்டிப் போகிறேன்.