டெக்கன் 8 போட்டியில் களத்தை யார் தேர்ந்தெடுப்பது? சுவர் சிலருக்கு மட்டும் துணைபோகிறதா?

கேள்வி: வடபழனி_வாசி

அனைவருக்கும் வணக்கம். வடபழனியில் நண்பர்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டெக்கன் 8 என்ற சண்டை வீடியோ கேமில் போட்டி நடத்தி வருகிறோம். சண்டை நடக்கும் களத்தை (ஸ்டேஜை) இதுவரை ரேண்டமாகவே விட்டிருந்தோம். சென்ற மாத இறுதிப் போட்டியில் ட்ராகுனோவ் என்ற பாத்திரத்தை எடுத்தவரும் காசுயா என்ற பாத்திரத்தை எடுத்தவரும் மோதினார்கள். அடுத்தடுத்து, சுவர் நெருக்கமாக அமைந்த களங்களே வந்தன. ட்ராகுனோவ் ஆடியவர் வென்றார். அவருடைய திறமையில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் தோற்றவர், திறந்த களம் ஒன்று வந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று வருத்தப்பட்டார். அவர் சொல்வதை என்னால் எளிதாக ஒதுக்கிவிட முடியவில்லை. இனி எல்லா ஆட்டங்களுக்கும் ஒரே களத்தை நிர்ணயித்துவிடலாமா என்று யோசிக்கிறேன். அது நியாயமாக இருக்குமா?

பதில் 1: பெரம்பூர்_பேக்டேஷ்

நண்பரே, தோற்றவரின் வருத்தத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் பாதி உண்மைதான்.

திறந்த வெளியில் காசுயாவின் பலம் பின்வாங்குவதில் இருக்கிறது. விடாமல் பேக்டேஷ் செய்து (சட்டென்று பின்னால் தாவி), எதிராளியின் அடியைக் காற்றில் வீணாக்கி, அவர் நிலைக்குத் திரும்புவதற்குள் எலெக்ட்ரிக் என்ற குத்தால் காற்றில் தூக்கிவிடுவதுதான் அந்த ஆட்டத்தின் அடிப்படை. முதுகுக்குப் பின்னால் சுவர் வந்துவிட்டால் பின்வாங்க இடமில்லை. வீணாகியிருக்க வேண்டிய அடிகள் எல்லாம் உடலில் விழத் தொடங்குகின்றன. ட்ராகுனோவோ ஓடிவந்து நெருக்குவதிலும், ஒரே காம்போவில் (விடாமல் தொடரும் அடிவரிசையில்) எதிராளியை நெடுந்தூரம் தள்ளிக்கொண்டு போவதிலும் வல்லவர். களம் சிறியதாக இருந்தால், நடுவில் கிடைத்த ஒரு சாதாரண வாய்ப்பே சுவர்வரை கொண்டுபோய்விடும். அங்கே ஒட்டிக்கொண்ட உடலுக்கு மேலும் சில அடிகள் உறுதியாகக் கிடைப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். விழுந்தவர் எழும்போதும் சுவரை முதுகில் சுமந்தபடியே அடுத்த தாக்குதல் மேலா கீழா என்று ஊகிக்க வேண்டியிருப்பதுதான் பெரிய இழப்பு என்பேன்.

மறுபாதி உண்மை என்னவென்றால், சுவரருகே காசுயாவும் கொடியவர்தான். காலை வாரும் ஹெல்ஸ்வீப்புக்குக் குனிந்தால் நடுமட்ட அடி விழும், நின்றால் கால் போகும் என்ற நிலையை அவரும் அங்கே உருவாக்க முடியும். ஆகவே, சுவர் யாருக்குச் சாதகம் என்று கேட்பதைவிட, எதிராளியைச் சுவருக்கு முதலில் கொண்டுபோகும் வாய்ப்பு யாருக்கு அதிகம் என்று கேட்பதே சரி. சிறிய களம் அந்த வாய்ப்பை ட்ராகுனோவ் பக்கம் சாய்க்கிறது.

உருவாக்குநர்களும் இதில் பல முறை கையை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 1996இல் வந்த விர்ச்சுவா ஃபைட்டர் 3 என்ற சண்டை கேம் மேடு பள்ளமான தரையைக் கொண்டுவந்தது. 2001இல் நான்காம் பாகம் மீண்டும் சமதளத்துக்குத் திரும்பியது. டெக்கன் 4 சுவர்களையும் சீரற்ற தரையையும் சேர்த்தே கொண்டுவந்தது. அடுத்த பாகத்தில் சுவர்கள் தங்கின, மேடு பள்ளம் போய்விட்டது. அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். சுவர் எங்கே இருக்கிறது என்பதை இருவரும் பார்த்துத் திட்டமிடலாம், ஆனால் பழகிய காம்போ தரையின் சரிவால் நழுவுவதில் திட்டத்துக்கே இடமில்லை. டெக்கன் 6 காலத்திலிருந்து உடையும் தரையும் சேர்ந்துகொண்டதால், எதிராளியைத் தரையில் அறையும் அடிகள் உள்ள பாத்திரங்களுக்கு அத்தகைய களங்களில் காம்போ இன்னும் நீள்கிறது. மறுகோடியில் டெக்கன் 7இன் இன்ஃபினிட் அஸ்யூர் இருந்தது: எல்லையே இல்லாத களம், பின்வாங்கி ஆடுபவர்களின் சொர்க்கம்.

இதனால்தான் ஒரே களம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. சேப்பாக்கத்தில் சுழலுக்கு ஏற்ற ஆடுகளம் அமைத்து, தொடர் முழுவதையும் அங்கேயே நடத்தினால், அணித் தேர்வு எப்படி மாறுமோ அப்படித்தான் உங்கள் போட்டியிலும் பாத்திரத் தேர்வு மாறும்.

பதில் 2: அடையாறு_ஆட்டக்காரன்

நான் ஸ்மாஷ் பிரதர்ஸ் மீலீ என்ற இன்னொரு சண்டை கேமை ஆடுபவன். களம் பாத்திரத்தை எவ்வளவு மாற்றும் என்பது அங்கே இன்னும் அப்பட்டமாகத் தெரியும். மேல்தட்டுகளே இல்லாத ஃபைனல் டெஸ்டினேஷன் களத்தில் மார்த் என்ற பாத்திரம், ஃபாக்ஸ் என்ற பாத்திரத்தைப் பிடித்து எறிந்து, விழும்போது மறுபடியும் பிடித்து, நெடுநேரம் விடாமல் வைத்திருக்க முடியும். தட்டுகள் உள்ள பேட்டில்ஃபீல்டில் ஃபாக்ஸ் அவற்றின்மேல் இறங்கித் தப்பித்துவிடுவார். எல்லைக்கு வெளியே பறந்தால்தான் உயிர் போகும் என்பதால், எல்லைகள் விரிந்த ட்ரீம்லேண்டில், எடை குறைந்த ஜிக்ளிபஃப் பாத்திரம்கூட ஃபாக்ஸின் மேல்நோக்கிய அடிகளைத் தாங்கிக் கூடுதல் நேரம் பிழைக்கும்.

அதற்காக அந்தச் சமூகம் எல்லாக் களங்களையும் விட்டுவைக்கவில்லை, ஒன்றோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. சுற்றிச் சுற்றி ஓடியே நேரத்தைக் கடத்த இடம்தரும் ஹைரூல் டெம்பிள் போன்றவற்றைத் தடை செய்துவிட்டு, ஒரு சிறு பட்டியலை வைத்துக்கொண்டார்கள். முதல் ஆட்டத்துக்கு 5 களங்கள்: ஒருவர் 1 களத்தை நீக்குவார், மற்றவர் 2 களங்களை நீக்குவார், எஞ்சிய 2இல் ஒன்றை முதலாமவர் எடுப்பார். அதன் பிறகு தோற்றவர் தேர்ந்தெடுப்பார். ஆனால் அந்தத் தொடரில் தாம் ஏற்கெனவே வென்ற களத்துக்கு அவர் திரும்பக்கூடாது என்ற விதி பரவலாக உண்டு. இருவருக்கும் மிகச் சாதகமானவை முதலிலேயே நீங்கிவிடுவதால், நடுநிலையான ஒன்றில் ஆட்டம் தொடங்குகிறது. இதை நீங்கள் டெக்கனுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பதில் 3: ராயபுரம்_ரவுண்டு2

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல் களங்களின் அகலம் ஒன்றே என்பதால் இந்தச் சண்டையே எழுவதில்லை. பின்னணி மட்டும்தான் மாறுகிறது. ஆனால் மூலை என்ற களம் எல்லாவற்றிலும் இருக்கிறது. டிரைவ் என்ற ஆற்றல் முழுவதும் தீர்ந்துபோன ஒருவர், டிரைவ் இம்பாக்ட் என்ற பலத்த அடியைத் தடுத்தால்கூட, முதுகு சுவரில் மோதினால் மயங்கிவிடுவார். 2021இல் வந்த கில்டி கியர் ஸ்ட்ரைவ், மூலையில் நெருக்குபவர் ஒரு கட்டத்தில் சுவரை உடைக்கும்படி செய்து, இருவரையும் புதிய இடத்தின் நடுவுக்குக் கொண்டுவருகிறது; உடைத்தவருக்கு அதற்கு ஈடாக பாசிட்டிவ் போனஸ் என்ற தற்காலிகப் பலம் கிடைக்கிறது. மாட்டிக்கொண்டவரை மீட்கவும் வேண்டும், மாட்டியவரின் உழைப்பு வீணாகவும் கூடாது என்ற சிக்கலுக்கு இதைவிட நல்ல தீர்வை நான் பார்த்ததில்லை.

வடபழனி_வாசி

மூவருக்கும் நன்றி. நீக்கும் முறையை ஏற்கிறேன். ஆனால் 16 பேர், 2 கன்சோல்கள், மாலைக்குள் கூடத்தைக் காலி செய்ய வேண்டும் என்ற நிலையில், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் களம் நீக்கிக்கொண்டிருக்க நேரம் போதுமா?

பெரம்பூர்_பேக்டேஷ்

தொடக்கச் சுற்றுகளை ரேண்டமாகவே விட்டுவிடுங்கள். கடைசி 8 பேரிலிருந்து நீக்கும் முறையைக் கொண்டுவாருங்கள். பட்டியலில் திறந்த களம் 2, சுவர் நெருங்கிய களம் 2, தரை உடையும் களம் 1 என்று வைத்து, ஒரு வாரம் முன்னதாகவே அனைவருக்கும் தெரிவித்துவிடுங்கள். காசுயா ஆடும் நண்பருக்குச் சுவரருகே பயிற்சி செய்ய அவகாசம் கிடைக்கும். ட்ராகுனோவ் ஆடுபவரும் திறந்த வெளியில் தம் ஆட்டத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு வரட்டும்.