தோப்பு வீட்டு சிமென்ட் ஷீட் கூரை புயலுக்குத் தாங்குமா? நாளைக்கு ஒரு பகல்தான் கையில இருக்கு

வேதைமகன் | புதன், காலை 8.20
வணக்கம். வேதாரண்யம் பக்கம் தோப்பு வீட்டுல அப்பா தனியா இருக்கார், வயசு 71. நான் திருப்பூர்ல இருக்கேன். இன்னிக்கு மத்தியானம் பஸ் ஏறினா ராத்திரி ஊர் போய்ச் சேர்ந்துடுவேன். வெள்ளிக்கிழமை விடியக்காலம் புயல் கரையைத் தொடும்னு சொல்றாங்க.

2018 கஜாவுல பழைய கீத்துக் கொட்டகை தரையோட போச்சு. அடுத்த வருஷம் கட்டினது இந்த வீடு. 20க்கு 14 அடி, செங்கல் சுவர், சவுக்குக் கட்டை மேல சிமென்ட் ஷீட், வாசப்பக்கம் 6 அடி சாய்ப்பு. கூரை மேல கயிறு போட்டுச் சுத்தியிருக்கிற தென்னைமரத்துல இழுத்துக் கட்டிடலாம்கிறார் அப்பா. ஷீட் மேல மணல் மூட்டை அடுக்கலாமா? கூரையில 1000 லிட்டர் டேங்க் ஒண்ணு காலியாக் கிடக்கு. கிணத்து மோட்டார், கன்னுக்குட்டியோட ஒரு பசுவும் இருக்கு. எதை முதல்ல செய்யணும்னு சொல்லுங்க.

கூரைவேலைக்காரர் | காலை 8.55
தம்பி, தென்னையில கட்டவே கட்டாதீங்க. காத்துல மரம் ஆடும்போது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கூரையைச் சேர்த்து இழுக்கும். மரம் சாஞ்சா கூரையும் கூடவே போயிடும்.

முதல்ல அந்தச் சாய்ப்பைக் கழட்டுங்க. கூரையை மேலேருந்து அமுக்குற காத்தால பெரிய சேதம் வராது. அடியில புகுந்து தூக்குறதுதான் ஆபத்து. மூணு பக்கமும் திறந்த சாய்ப்பு காத்துக்கு வாய் திறந்து வச்ச மாதிரி. அது பிச்சுக்கிட்டுப் போகும்போது வீட்டுக் கூரையோட முதல் வரிசையையும் உருவிடும். சாய்ப்பு ஷீட் எல்லாத்தையும் கழட்டி வீட்டுக்குள்ள சுவரோரமாப் படுக்க வச்சுடுங்க, வெளியில விட்டா கத்தி மாதிரி பறக்கும்.

மூட்டையை ஷீட்டோட நடுவுல வைக்காதீங்க, உடைஞ்சிடும். கீழே கட்டை ஓடுற இடத்துக்கு நேர் மேல வைங்க. ரெண்டு ரெண்டு மூட்டையாக் கயித்துல கோத்து, முகட்டுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணாத் தொங்கவிட்டாச் சரியாது. அதுக்கும் மேல மூங்கிலைக் குறுக்கே படுக்க வச்சு, மூங்கில் மேல கயித்தைப் போட்டு இறக்கிக் கட்டுங்க. கயிறு நேரா ஷீட்டை அறுக்கக் கூடாது.

வேதைமகன் | காலை 9.10
நன்றி அண்ணே. மரம் வேண்டாம்னா கீழே எதுல கட்டுறது? எங்களோடது மணல் பூமி, முளை அடிச்சா மழையில இளகிடும்.

கூரைவேலைக்காரர் | காலை 9.25
முளை நிக்காது, சரிதான். மூணு அடி பள்ளம் தோண்டி, சவுக்குத் துண்டு ஒண்ணைப் படுக்கையாப் போட்டு, அதோட நடுவுல கயித்தைக் கட்டி மண்ணை மூடி மிதிச்சுடுங்க. மண்ணோட பாரம் முழுசும் அந்தக் கட்டை மேல உக்காரும். நீளவாக்குல பக்கத்துக்கு மூணு போதும். போர் மோட்டார் இறக்குற நைலான் கயிறு கிடைச்சா அதையே வாங்குங்க. இன்னொண்ணு, அப்பாவை மேல ஏத்தாதீங்க. நீங்க ஏறினாலும் கட்டை மேல பலகை போட்டு அதுல மட்டும் நடங்க. சிமென்ட் ஷீட்ல கால் வச்சா நேரா வீட்டுக்குள்ளதான் விழுவீங்க.

பேராவூரணித் தோப்பு | காலை 10.05
டேங்கை முட்ட முட்ட நிரப்பி மூடியைக் கட்டுங்க. காலி டேங்க் பந்து மாதிரி உருளும், நிரம்பினது ஒரு டன் கனம். ஆனா அதுக்குக் கீழ இருக்கிறது சவுக்குக் கட்டைதானே? அப்போ தரையில இறக்கி வச்சு நிரப்புங்க. கஜாவுக்கு அப்புறம் எங்க ஊர்ல வாரக்கணக்கா கரண்ட் இல்லை, வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்துத்தான் தண்ணி ஏத்தினோம். அந்த 1000 லிட்டர் உங்களுக்குத் தங்கம்.

வீட்டு மேல சாயக்கூடிய மரத்துல முத்தின குலையையும் அடிமட்டையையும் இன்னிக்கே ஆள் விட்டு இறக்கச் சொல்லுங்க. தலைப்பாரம் குறைஞ்சா மரம் கொஞ்சம் தாங்கும். எங்க தோப்புல 140 மரம் சாஞ்சதை அன்னைக்குக் கண்ணால பார்த்தேன். அந்தச் சத்தத்தை இப்ப நினைச்சாலும் வயிறு கலங்குது.

ஒயர்மேன் | காலை 10.40
மெயினை அணைச்சுட்டு பியூஸ் கட்டையைக் கழட்டிக் கையில எடுத்துக்குங்க. மோட்டார் ஸ்டார்டர் பெட்டியை அவுத்துத் தார்ப்பாய்ல சுத்தி உசரத்துல வைக்கணும். புயலுக்கு அப்புறம் லைன் மாத்திக் கட்டும்போது மூணு பேஸ்ல ரெண்டு இடம் மாறிச்சுன்னா மோட்டார் எதிர்ப்பக்கமாச் சுத்தும். ஆளை வச்சுப் பார்க்காமப் போடாதீங்க.

செம்பருத்தி | காலை 11.30
தம்பி, எல்லாரும் வீட்டைப் பத்தியே பேசுறாங்க. அப்பா எங்க படுக்கப் போறார்? கஜா அன்னைக்கு எங்களுக்கு முதல்ல வடக்குக் காத்து. அப்புறம் திடீர்னு ஓஞ்சுது, ஒரு இலை அசையலை. முடிஞ்சுதுன்னு மாமனார் மாட்டைப் பார்க்கத் தோப்புக்குள்ள போனார். அடுத்த காத்து தெக்கேருந்து, முன்னதை விட மூர்க்கமா வந்துச்சு. புயலோட கண்ணு தலைக்கு மேல நிக்கிறப்போதான் அப்படி ஓயும்னு எங்களுக்கு யாரும் சொல்லலை. அவர் தப்பிச்சது கிணத்தடிச் சுவர் இருந்ததால. நீங்க என்ன கட்டினாலும் சரி, வியாழக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள அப்பாவைக் கான்கிரீட் கட்டடத்துக்குக் கூட்டிப் போயிடுங்க.

வேதைமகன் | காலை 11.50
அக்கா, அவர் பசுவை விட்டு வரமாட்டேன்கிறார். கஜாவுல கட்டுத்தறியில கட்டினபடியே ரெண்டு மாடு போச்சு. அதை அவர் இன்னும் மறக்கலை.

செம்பருத்தி | மதியம் 12.05
அப்போ பசுவையும் கூட்டிட்டுப் போங்க. புயல் பாதுகாப்பு மையத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ பக்கத்துல மேடான வெளியில விடுங்க. மரத்தடியும் வேண்டாம், கரண்டுக் கம்பியும் வேண்டாம். கழுத்துக் கயித்தை அவுத்தே விடுங்க. அவிழ்ந்த மாடு இடம் பார்த்து நிக்கும். வழி தெரியலைன்னா 1077க்கு அடிச்சு எந்தக் கட்டடம் திறந்திருக்குன்னு கேளுங்க.

வேதைமகன் | வியாழன், இரவு 7.45
சாய்ப்பு கழட்டியாச்சு. ஆறு இடத்துல கட்டை புதைச்சோம், பக்கத்துத் தோப்பு அண்ணன் கூட நின்னார். மூங்கில் ஒரு பக்கம் பத்தலை, அங்க பலகை போட்டுக் கட்டியிருக்கேன். ரெண்டு மரத்துக் குலைதான் இறக்க முடிஞ்சுது, ஏற ஆள் கிடைக்கலை. டேங்க் தரையில நிரம்பி நிக்குது.

பசுவை முன்னாடி ஓட்டிட்டுப் போனேன், அப்பா கன்னைத் தூக்கிட்டுப் பின்னாடி வந்தார். இப்போ பள்ளிக்கூட வராந்தாவுல உக்காந்திருக்கோம். வடக்கேருந்து காத்து எடுத்திருக்கு. அவர் எழுந்து எழுந்து போய் மாட்டைப் பார்த்துட்டு வர்றார். காத்து ஓஞ்சா வெளியே விடமாட்டேன்னு இப்பவே சொல்லி வச்சிருக்கேன்.