வென்டிலேஷன் சொற்கள்: வரத்துக்கால், போக்குக்கால்

நண்பர்களுக்கு வணக்கம்.

வென்டிலேஷன் என்ற சொல்லுக்குத் தமிழில் 'காற்றூட்டம்' என்று வைக்கலாம் என்று வந்த யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. ஊட்டுவது பாதி வேலைதான். கெட்ட காற்றை வெளியேற்றுவது மறு பாதி. பல இடங்களில் அதுதான் பெரிய பாதி. நம் கன்னியாகுமரி மாவட்டத்து முந்திரி ஆலை ஒன்றில் வறுக்கிற நேரத்தில் நின்று பாருங்கள். தோட்டிலுள்ள எண்ணெய் புகையாகக் கிளம்பிக் கண்ணைக் கரிக்கும், தொண்டையைக் கமறவைக்கும். எத்தனை மின்விசிறி மாட்டினாலும் அந்தப் புகை கொட்டகைக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வரும். அடுப்புக்கு நேர் மேலேயே பிடித்து இழுத்து வெளியே தள்ளினால்தான் அங்கே வேலை செய்கிற பெண்கள் நிம்மதியாக மூச்சுவிட முடியும்.

பொதுச்சொல்லாகக் 'காற்றோட்டம்' போதும். கொத்தனாரும் அதைத்தான் சொல்கிறார், பொறியாளரும் அதைத்தான் சொல்கிறார். நமக்குச் சொல் இல்லாதது அதன் உறுப்புகளுக்கு. அந்தக் குறை நிலத்தடிச் சுரங்கத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பளிச்சென்று தெரியும். நம் பக்கம் அப்படிச் சுரங்கம் கிடையாது. மணவாளக்குறிச்சியில் எடுப்பது கடற்கரை மணல். ஆனாலும் கோலார் தங்கவயலில் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்டவர்களில் தமிழர்கள் ஏராளம். அங்கே சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது.

சுரங்கத்தில் காற்று ஒரு குழி வழியே இறங்கி, ஆள் வேலை செய்யும் முனைகளைத் தொட்டு, இன்னொரு குழி வழியே ஏறி வெளியேறும். பெரிய விசிறி ஒன்று அதை இழுத்துக்கொண்டே இருக்கும். நம் நாட்டு நிலக்கரிச் சுரங்க விதிப்படி ஆளுக்கு நிமிடத்துக்கு 6 கன மீட்டர் காற்றாவது போக வேண்டும், ஆக்சிஜன் 19 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. மீத்தேன் 5 முதல் 15 விழுக்காடு வரை காற்றில் கலந்துவிட்டால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். எது நல்ல காற்று வரும் பாதை, எது கெட்ட காற்று போகும் பாதை என்பது உள்ளே இருப்பவருக்குப் பெயரைக் கேட்டதுமே தெரிய வேண்டும்.

இதற்கு 'கால்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். பழந்தமிழில் கால் என்றால் காற்று. நாஞ்சில் நாட்டு விவசாயிக்குக் கால் என்றால் தண்ணீர் போகும் பாதை. இரண்டுமே நமக்கு வேண்டிய பொருள். ஆகவே நல்ல காற்று வரும் பாதை வரத்துக்கால், கெட்ட காற்று போகும் பாதை போக்குக்கால். செங்குத்தான குழிகளில் காற்று இறங்குவது இறங்குகால், ஏறுவது ஏறுகால். 'கால்' என்பதைப் பாதம் என்று எடுத்துக்கொள்வார்களே என்று ஒருவர் கேட்டிருந்தார். வாய்க்கால் என்றதும் யாருக்கும் பாதம் நினைவுக்கு வருவதில்லை. நம் பக்கத்துக் கால்வாயான பட்டணங்கால் என்றாலும் அப்படித்தான்.

போக்குக்காலுக்குப் பதில் 'மறுகால்' என்று வந்த யோசனை காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு குளத்தின் மறுகால், அதாவது அது நிரம்பி வெளியேறும் தண்ணீர், அடுத்த குளத்தை நிரப்பும். சுரங்கத்தில் ஒரு முனையின் கெட்ட காற்று அடுத்த முனைக்குப் போகவே கூடாது. பொருள் நேர் எதிராகிவிடும் என்பதால் அது வேண்டாம்.

நல்ல காற்றும் கெட்ட காற்றும் கலக்காமல் ஒன்றின் மேல் ஒன்று கடக்கிற இடத்துக்குக் 'காற்றுத் தொட்டிப்பாலம்' என்கிறேன். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் பட்டணங்கால் தண்ணீர் பரளியாற்றுக்கு மேலே, அதோடு கலக்காமல் கடப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது. சொல் கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை.

அப்புறம், ரெகுலேட்டருக்குக் 'காற்றுமடை'. பாதையை அடைத்துக் கட்டிய சுவரில் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு திறப்பு, அவ்வளவுதான் அது. எந்தக் கிளைக்கு எவ்வளவு காற்று என்று அதை வைத்துத்தான் பங்கிடுகிறார்கள்.