புதுப்பிப்பு: எக்ஸ் போடுவதா, மனக்கணக்கா?

"குரூப் 4 தேர்வுக்கு இயற்கணிதமே வேண்டாம், குறுக்குவழி போதும்" என்று போன மாதம் கொஞ்சம் வீராப்பாகவே எழுதியிருந்தேன். பலர் திட்டினீர்கள். சரி, பாதி வாபஸ்.

200 கேள்வியில் 25 கணக்கு, மொத்தம் 3 மணி நேரம். பழைய வினாத்தாள்களை, தெரியாத எண்ணுக்கு எக்ஸ் என்று வைத்து ஒரு தடவை, மனக்கணக்காக ஒரு தடவை என்று இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தேன்.

கோழி, ஆடு கணக்கில் மனக்கணக்குதான் ராஜா. 30 தலை, 84 கால், ஆடு எத்தனை? எல்லாமே கோழி என்றால் 60 கால், மிச்சம் 24. ஆட்டுக்கு இரண்டு கால் கூடுதல், ஆக 12 ஆடு. பேனாவே வேண்டாம்.

மாட்டிக்கொண்டது வேலை, நாள் கணக்கில். ஒரு வேலையை ஒருவர் 10 நாளிலும் இன்னொருவர் 15 நாளிலும் முடிப்பார்கள். சேர்ந்து செய்தால்? பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுத்தால் 150/25, அதாவது 6 நாள். அதுவரை சரி. 'சேர்ந்து 2 நாள் செய்தபின் முதலாமவர் விலகினார், மீதிக்கு எத்தனை நாள்?' என்றதும் என் கை 6−2=4 என்று குறித்துவிட்டது. விடைகளில் 4 வேறு இருந்தது, கொடுமை!

அப்புறம் 10, 15 இரண்டுக்கும் மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுத்து, மொத்த வேலை 30 பங்கு என்று வைத்தேன். நாளுக்கு முதலாமவர் 3, அடுத்தவர் 2. இரண்டு நாளில் 10 போனால் மீதி 20. அடுத்தவர் தனியாக முடிக்க 10 நாள். எக்ஸ் என்ற எழுத்துதான் இல்லை, மற்றபடி இது இயற்கணிதமேதான் என்று இப்போது படுகிறது.

வயதுக் கணக்குக்கு மட்டும் இன்னும் எக்ஸ்தான் போடுகிறேன்.